ஹாஜி தஹாமுக்குச் சொன்ன பதில்

1

இந்தக் கதை ஒரு டீக்கடை வாசலில் பிறந்தது. நான் மதிக்காத டீக்கடை. நேற்றைய தூளை இன்றைக்கும் கொதிக்கவைப்பார்கள். முடிவெட்டிக்கொள்ளப் போகும் வழியில் அதைக் கடந்தபோது உள்ளேயிருந்து ஒரு குரல் வந்தது.

"நஜ்மதீன் வீட்ல ஒரு விருந்தாளி நின்னு பேசியிருக்கார். பதில் சொல்ல ஒரு நாக்கு இல்லையாம். இதுல பெரிய வாசல் வீடுன்னு பேரு வேற!"

சிரிப்பு. கண்ணாடி டம்ளர்கள் குலுங்கும் சத்தம். நான் நின்றேன். என் முதுகு பிறப்பிலேயே நேரானது. அன்று அது இன்னும் நேரானதைச் சட்டைப் பொத்தான்கள் உணர்ந்தன. உள்ளே போய்ச் சண்டை பிடித்திருக்கலாம். ஆனால் அந்தக் கடைக்குள் காலெடுத்து வைப்பதே எங்கள் குடும்பத்துக்குக் குறைவு. எனவே முடிவெட்டிக்கொள்ளும் எண்ணத்தைக் கைவிட்டு, காகிதம் வாங்கிக்கொண்டு வீடு திரும்பினேன்.

எங்கள் குடும்பத்தைப் பற்றி யாராவது பொய் சொல்லியே தீர வேண்டும் என்றால், அதை நான் சொல்வதுதான் முறை.

[அந்தக் குரலுக்குச் சொந்தக்காரர் யார் என்று எனக்குத் தெரியும். பெயரை எழுத மாட்டேன். திட்டுவதற்காகக்கூட ஒரு கதைக்குள் நுழையும் தகுதி அவருக்கு இல்லை.]

2

முதலில் எழுதிய தொடக்கங்கள்:

"கிர்குக் நகரின்மீது வசந்தம் தன் மென்மையான—"

பொய். வட இராக்கில், எங்கள் கிர்குக்கின்மீது வசந்தத்தில் வருவது புழுதி.

"மொழி என்பது ஒரு பாலம். அந்தப் பாலத்தின் இரு கரைகளிலும்—"

இதை எழுதியதும் கை கூசியது. கல்வி அதிகாரி ஒருவர் திறப்பு விழாவில் இதைச் சொல்லி, தண்ணீர் குடித்து, மறுபடியும் சொன்னார். அவர் சொன்ன பிறகு அந்தப் பாலத்தில் யாரும் நடக்க முடியாது.

"என் பெயர் நஜ்மதீன். நான் ஒரு குர்து. என் வயது—"

வயது உங்களுக்கு எதற்கு? பெண் கொடுக்கப் போகிறீர்களா?

சரி, நேராகவே சொல்கிறேன். எங்கள் வீட்டுக்கு ஒரு பெருமை உண்டு. எங்கள் விருந்தாளிக் கூடத்தில் உட்கார்ந்த எவரும் தம் மொழியை மாற்றிக்கொள்ள நேர்ந்ததில்லை. குர்துக்குக் குர்தி, அரபிக்கு அரபி, துர்க்மேனுக்குத் துர்க்மேன் மொழி. என் தாத்தா காலத்தில் ஓர் ஆர்மீனியர் பனிக்காலம் முழுக்கத் தங்கினாராம். அவருக்குத் தலையசைப்பிலேயே பதில் சொல்லிச் சமாளித்திருக்கிறார்கள். அந்தத் தலையசைப்பையும் எங்கள் குடும்பம் ஒரு மொழியாகவே கணக்கில் வைத்திருக்கிறது.

அந்தக் கூடத்தில்தான் இப்போது மழலையர் பள்ளி நடக்கிறது. பதில் கிடைக்காமல் ஒரு விருந்தாளி திரும்பிப் போனதும் அங்கேதான்.

3

மழலையர் பள்ளி எப்படி என் கூடத்துக்குள் வந்தது என்று கேட்பீர்கள். தவ்கா கொண்டுவந்தாள். தவ்கா என் தம்பி மகள். தம்பிக்கு நெஞ்சில் கோளாறு என்பதால் அவளை அதட்டும் பொறுப்பு என்மேல் விழுந்தது. அவள் எர்பிலில் படித்துவிட்டு வந்து, "பெரியப்பா, கூடம் சும்மாத்தானே கிடக்கு? இருமொழிப் பள்ளி ஆரம்பிக்கணும், தர்றீங்களா?" என்றாள். முடியாது என்றேன். தலையாட்டிவிட்டுப் போனாள். அடுத்த வெள்ளிக்கிழமை சுலைமானியாவிலிருந்து உறவினர்கள் வந்து நிறைந்திருந்த நேரத்தில், தட்டில் டீயோடு வந்து, எல்லோர் முன்னாலும் அதே கேள்வியைக் கேட்டாள். எங்கள் வீட்டில் விருந்தாளி முன்னால் 'முடியாது' என்ற சொல் கிடையாது. அதை அவளுக்குச் சொல்லி வளர்த்தவனே நான்தான்.

இப்போது கொஞ்சம் கட்டுரை. பொறுத்துக்கொள்ளுங்கள். பிடிக்காதவர்கள் நான்காம் பகுதிக்குப் போகலாம். போனவர்களை நான் நினைவில் வைத்துக்கொள்வேன்.

வழக்கமான பள்ளியில் ஒரு பக்கத்துப் பிள்ளைகள் மறுபக்கத்து மொழியைக் கற்பார்கள். எந்தப் பக்கம் யாருடையதைக் கற்பது என்பதை அந்தந்தக் காலத்து அரசாங்கம் சொல்லும். தவ்காவின் பள்ளி இருவழிப் பள்ளி. வகுப்பில் பாதி குர்துப் பிள்ளைகள், பாதி அரபுப் பிள்ளைகள். இவர்கள் அவர்களிடமிருந்து கற்க வேண்டும், அவர்கள் இவர்களிடமிருந்து. ஓர் அறையில் தவ்கா, குர்தி மட்டும். அடுத்த அறையில் ஸுஹாத் டீச்சர், அரபி மட்டும். பாதி நேரம் ஆனதும் பிள்ளைகள் அறை மாறுவார்கள். மொழிபெயர்ப்பு கிடையாது. ஒரு பிள்ளை தவ்காவிடம் அரபியில் தண்ணீர் கேட்டால் அவள் புருவத்தை உயர்த்திப் புரியாதவள்போல் நிற்பாள். தாகம் கற்றுக்கொடுத்துவிடும்.

தவ்கா தான் படித்த பள்ளியில் அரபியில் முதல் மாணவியாக இருந்தவள். ஸுஹாத் குர்துகளின் நகரமான சுலைமானியாவில் வளர்ந்தவள். குர்தியில் கனவு காண்பவள். இருவரும் காலை முதல் மதியம் வரை ஒன்றும் புரியாதவர்களாக நடிப்பார்கள். பிறகு சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டு இரண்டு மொழியையும் குழைத்து ஊரைத் திட்டித் தீர்ப்பார்கள். அந்தக் கதவுக்குப் பின்னால்தான் உண்மையான இருமொழிப் பள்ளி நடந்தது என்பது என் கருத்து.

இந்தச் சட்டம் எனக்கும் உண்டு. "பெரியப்பா, கீழே வந்தா நீங்க குர்தி மட்டும்தான். பிள்ளைங்க காதுல உங்க அரபி விழக் கூடாது. ஒரு தடவை விழுந்துட்டா, அப்புறம் உங்ககிட்ட அதுங்க குர்தியே பேசாது." மூன்று மொழியில் வரவேற்ற வாய், சொந்தக் கூடத்திலேயே ஊமையாக்கப்பட்டது. ஏன் ஒப்புக்கொண்டேன்? சுலைமானியா உறவினர்கள் இன்னும் கிளம்பியிருக்கவில்லை.

[பிள்ளைகள் முதல் வாரத்தில் ஒருவருக்கொருவர் கற்றுக்கொடுத்தவை: 'என்னோடது', 'தர மாட்டேன்', பிறகு உடலின் பின்புறம் சம்பந்தப்பட்ட ஏழெட்டுச் சொற்கள். ஆய்வாளர்கள் வந்து பார்த்து, பரிமாற்றம் சிறப்பாக நடக்கிறது என்று எழுதிவிட்டுப் போனார்கள்.]

அரபுப் பாதியைச் சேர்ப்பதுதான் கடினமாக இருந்தது. குர்து வீட்டுக் கூடத்துக்கு யார் பிள்ளையை அனுப்புவார்? தவ்கா வீடு வீடாக ஏறி இறங்கினாள். கடைசியில் நானே ஹவீஜா சாலையிலிருக்கும் ஹாஜி தஹாமிடம் போனேன். பெரிய அரபுக் குடும்பத்தின் தலைவர். எங்கள் வீட்டுச் சாவுகளுக்கு அவரும், அவர் வீட்டுச் சாவுகளுக்கு நானும் தவறாமல் போகிறவர்கள். ஒரே காபியில் காரியம் முடிந்தது. தன் பேத்தி வத்ஹாவையும், அவள் வயதொத்த சொந்தக்காரப் பிள்ளைகள் அத்தனை பேரையும் ஒரு வேனில் ஏற்றி அனுப்பிவிட்டார். எங்கள் அரபுப் பாதி முழுவதும் ஒரே குடும்பம்.

அன்று அதை என் சாமர்த்தியம் என்று நினைத்தேன். இரண்டு பாதியும் இருந்தால்தான் அனுமதி, ஒரு பாதி காலியானால் பள்ளியை மூடிவிட வேண்டும் என்பது சட்டம். ஒரு பாதி முழுவதையும் ஒரே மனிதரின் கோபத்தில் கட்டித் தொங்கவிட்டிருக்கிறோம் என்று யாரும் யோசிக்கவில்லை.

4

சம்பவம் நடந்தபோது நான் வீட்டில் இல்லை. தெரு ஜெனரேட்டர்காரனோடு சண்டைக்குப் போயிருந்தேன். அதனால் கீழே வருவது மூன்று பேர் சொன்னதை ஒட்டுப்போட்டது. தவ்கா, ஸுஹாத்; மூன்றாமவர் எதிர்த்தாற்போல் ரொட்டி சுடும் துர்க்மேன், உஸ்தா யஷார். அவர் சன்னல் வழியாகப் பார்த்தார்.

மதியம் வேன் பழுதானதால் ஹாஜியே பேத்தியை அழைத்துப்போக வந்தார். சலாம் சொன்னார். தவ்கா பதில் சலாம் சொன்னாள். சலாமுக்கு எல்லா மொழியிலும் ஒரே பதில்தான் என்பதால் அதுவரை உலகம் பத்திரமாக இருந்தது.

"எப்படி இருக்கே மகளே? அப்பாவுக்கு நெஞ்சு வலி தேவலையா?" என்று ஹாஜி அரபியில் கேட்டார்.

சுற்றிலும் பிள்ளைகள்.

"வாங்க வாங்க. வத்ஹா இன்னிக்கு நல்லா சாப்பிட்டா," என்று தவ்கா குர்தியில் சொன்னாள்.

காது கேட்கவில்லை போலும் என்று ஹாஜி அதையே உரக்கக் கேட்டார். அவள் புன்னகைத்துப் புருவத்தை உயர்த்தினாள். தண்ணீர் கேட்கும் பிள்ளைகளுக்கு உயர்த்தும் அதே புருவம்.

"மகளே, உன் தாத்தா மௌத்துக்கு நான் வந்தப்ப எங்கிட்ட மணிக்கணக்கா அரபி பேசினவ நீ. அந்த நாக்கு எங்கே போச்சு?"

தவ்கா ஸுஹாத்தின் அறையைக் கைகாட்டி, "டீச்சர் அங்கே இருக்காங்க," என்றாள், குர்தியில்.

அவள் காட்டியது அறையை. ஹாஜி பார்த்தது கதவை. ஒரு விருந்தாளிக்கு, பெரிய வாசல் வீட்டின் கூடத்தில், அந்த வீட்டுப் பெண் கதவைக் கைகாட்டியிருக்கிறாள்! அவர் வத்ஹாவைத் தோளில் தூக்கிக்கொண்டு டீகூடக் குடிக்காமல் வெளியேறினார். மறுநாள் வேன் வரவில்லை. அதற்கடுத்த நாளும் வரவில்லை. ஸுஹாத் தன் அறையில் குர்துப் பிள்ளைகளை வைத்துக்கொண்டு, அரபுப் பாதி இல்லாத அரபி வகுப்பை நடத்தினாள். கல்வி அலுவலகத்திலிருந்து, அடுத்த வாரத்துக்குள் சரிசெய்யாவிட்டால் பூட்டுதான் என்று ஆள் வந்து சொல்லிவிட்டுப் போனார்.

5

இந்த இடத்தில் ஒரு பாத்திரத்தைச் சந்தேகிக்க வேண்டும் என்று கதை எழுதுகிறவர்கள் சொல்கிறார்கள். நான் தவ்காவைச் சந்தேகித்தேன். அன்று அவளிடம் கேட்டதை அப்படியே எழுதுகிறேன். (இதை வாசித்த அவள் அம்மா, "வீட்டுச் சண்டையெல்லாம் எதுக்கு அச்சுல?" என்றாள். சண்டை இல்லை, உரையாடல் என்றேன். "அப்ப நீங்க எறிஞ்ச செருப்பையும் எழுதுங்க," என்றாள். எழுதவில்லை.)

"ஒரே ஒரு வார்த்தை. ஒரே ஒரு வார்த்தை அரபில சொன்னா உன் வாய் வெந்தா போயிடும்?"

"அவர் வீட்டுக்கு இப்பவே வர்றேன் பெரியப்பா. அவர் காலடியில உட்கார்ந்து நாள் முழுக்க அரபி பேசறேன். பிள்ளைங்க இல்லாத இடத்துல எத்தனை வார்த்தை வேணும்னாலும் சொல்றேன்."

"அவமானம் பிள்ளைங்க முன்னாடி நடந்தது."

"என் வேலையும் பிள்ளைங்க முன்னாடிதான் நடக்குது." தட்டைத் துடைத்துக்கொண்டே சொன்னாள். "வத்ஹா போன வாரம் எங்கிட்ட வந்து, 'தண்ணி குடு'ன்னு முழுசா நம்ம பாஷைல கேட்டா. எவ்வளவு நாள் அழுதுருக்கு தெரியுமா அது? நான் ஒரு வார்த்தை அரபி பேசினேன்னா, இத்தனை நாள் இவ சும்மாத்தான் என்னை அழ விட்டாளான்னு நினைக்கும். நினைக்காதா?"

"உன்னால இந்தக் குடும்பத்து மானம்..."

"இந்தக் குடும்பத்துல வாக்கு மாறக் கூடாதுன்னு சொன்னது யாரு? பிள்ளைங்களுக்கு நான் குடுத்த வாக்கு அது. அதுங்க ஹாஜி இல்ல, அவ்வளவுதான்."

என் வீட்டில் வளர்ந்த முதுகு. என்னுடையதைவிட நேரானது. அதை வளைக்கச் சொல்லி நானே உத்தரவிடுவதா? உத்தரவிட்டால் கீழ்ப்படிவாள் என்பதுதான் எனக்கு இருந்த பயம்.

6

எனவே நாங்கள் தூது போனோம். நான், என் சித்தப்பா மகன் ஹமசாலிஹ், நடுநிலைக்கு உஸ்தா யஷார். எந்தத் தூதிலும் நடுநிலைக்கு ஒரு துர்க்மேன் இருப்பது நல்லது. வழிநெடுக அவர், "அரபிக்கு ஒரு ரூம், குர்திக்கு ஒரு ரூம். எங்க பாஷைக்கு என்ன, கோழிக்கூண்டா?" என்று கேட்டுக்கொண்டே வந்தார். அவருக்கு இதுவரை யாரும் பதில் சொல்லவில்லை.

ஹாஜியின் கூடம். சுவரோரம் அவர் குடும்பத்து ஆண்கள். எங்கள் முன்னால் காபி வைக்கப்பட்டது. நாங்கள் தொடவில்லை. கேட்டு வந்தது கிடைக்கும்வரை தொடக் கூடாது. தொட்டால் கேட்க ஒன்றுமில்லை என்று ஆகிவிடும். நான் எழுந்தேன். என்னிடம் ஓர் அரபி நடை உண்டு. மௌத்துக்கும் மணத்துக்கும் மட்டும் வெளியே எடுப்பது. அதை எடுத்தேன்.

"ஹாஜி, உங்கள் கண்ணியம் எங்கள் தலைமேல். உங்கள் வருகை எங்கள் வாசலுக்கு மழை. அந்த மழை பெய்த நாளில் எங்கள் நிலம்—"

கதவருகே வத்ஹா நின்றுகொண்டிருந்தாள். வாயில் பிஸ்கட். என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்து, குர்தியில், எங்கள் தெரு குர்தியில், அத்தனை பேர் முன்னாலும் கேட்டாள்:

"மாம் நஜ்மதீன்! கோழி முட்டை போட்டுச்சா?"

மாம் என்று எங்கள் பிள்ளைகள் பெரியவர்களை அழைப்பார்கள். கோழி, பள்ளி முற்றத்துக் கோழி. அவள் போன நாளிலிருந்து அது அடைகாப்பதுபோல் உட்கார்ந்து ஏமாற்றிக்கொண்டிருந்தது.

என் வாக்கியம் நடுவானில் நின்றது. பிள்ளைகள் காதில் என் அரபி விழக் கூடாது. நான் யாரிடமும் வாக்குக் கொடுக்கவில்லை, கொடுத்தவள் தவ்கா. ஆனால் என் நாக்கு என்னைக் கேட்காமலே முடிவெடுத்தது.

"இன்னும் இல்ல கண்ணு. சோம்பேறிக் கோழி," என்றேன், குர்தியில்.

"என்ன அபு ரேபீன், பாதியில நிறுத்திட்டீங்க? நிலம் என்ன ஆச்சு?" என்று ஹாஜி அரபியில் கேட்டார். என் மகன் பெயரைச் சேர்த்து, 'ரேபீனின் அப்பா' என்றுதான் அவர் என்னை அழைப்பார்.

வத்ஹா எங்கள் இருவருக்கும் நடுவே, என் முகத்தைப் பார்த்தபடி பிஸ்கட்டைச் சப்பிக்கொண்டிருந்தாள். நான் என்ன செய்தேன் என்பதை ஹவீஜா சாலையில் இன்னும் பேசுகிறார்கள். ஓர் அரபுப் பெரியவரிடம், அவருடைய கூடத்திலேயே, மன்னிப்புக் கேட்க வந்த இடத்தில், குர்தியில் பதில் சொன்னேன்.

"கொஞ்சம் பொறுங்க ஹாஜி. புள்ள உள்ளே போகட்டும்."

சுவரோரம் இருந்த ஆண்கள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். ஒருவர் எழுந்தே விட்டார். ஹமசாலிஹ் என் காதருகே குர்தியில் முணுமுணுத்தான். அவன் முணுமுணுப்பு பக்கத்துக் கிராமம்வரை கேட்கும்.

"காக்கா, அண்ணே, முடிஞ்சது நம்ம கதை. காபியும் ஆறிக் கழனித்தண்ணி ஆயிடுச்சு. கால் மரத்துப் போறதுக்கு முன்னாடி எந்திரிச்சிடலாம்."

ஹாஜி தலையைத் திருப்பவில்லை. "வத்ஹா, உள்ளே போ," என்றார். பிறகு காபி ஊற்றுபவரிடம், "இந்தக் கோப்பையெல்லாம் எடுத்துட்டு சூடா கொண்டுவா," என்றார்.

[இதைப் படித்துப் பார்த்த ஹாஜியின் திருத்தம்: காபி ஆறவில்லை. ஆறியிருந்ததாக உங்கள் தம்பி நினைத்தார். நினைப்பு வேறு, காபி வேறு.]

புதுக் கோப்பை என் முன்னால் வந்தது. ஆவி பறந்தது. நான் கோப்பையைப் பார்த்தேன். பிறகு ஹாஜியைப் பார்த்தேன். பிள்ளையை உள்ளே அனுப்பச் சொன்னது குர்தி. காபி ஆறியது என்றதும் குர்தி. இரண்டுக்கும் பதில் வந்துவிட்டது. நான் கவனித்ததை அவரும் கவனித்தார்.

ஒரு வீட்டுக்காரரை அவர் கூடத்திலேயே அம்பலப்படுத்துவது எங்கள் குடும்பத்தில் வழக்கமில்லை. நான் தலையைக் குனிந்து கோப்பையின் விளிம்பில் இருந்த பூவை ஆராய்ந்தேன். ஹமசாலிஹ் ஒன்றையும் கவனிக்கவில்லை. அவன் தன் கல்யாணத்தையே கவனிக்காதவன்.

7

"வாங்க அபு ரேபீன், புது ஆடுகளைக் காட்டறேன்," என்றார் ஹாஜி.

ஆட்டுப்பட்டிக்கு நாங்கள் இருவர் மட்டும் போனோம். இனி வரும் பேச்சில் அவர் பேசியது முழுவதும் அரபி, நான் பேசியது முழுவதும் குர்தி. பேசி வைத்துக்கொண்டு செய்யவில்லை. அப்படியே அமைந்தது.

"எப்போலேருந்து தெரியும் ஹாஜி?"

"உங்க குர்து ஊர் சம்சமாலுக்குக் கம்பளி வாங்கப் போவேன், மீசை முளைக்காத காலத்துலேருந்து. உன்னைவிட நல்லா பேசுவேன்."

"பின்னே ஏன் தெரியாத மாதிரி?"

"தெரியும்னு தெரிஞ்சா என் முன்னாடி எல்லாரும் வாயை மூடிக்குவாங்க. தெரியாதுன்னா ஊர் முழுக்க என் முன்னாடியே பேசும். என் காபியைக் கழனின்னு சொல்லும்." ஓர் ஆட்டின் காதைப் பிடித்துத் திருகினார். அது எந்தத் தப்பும் செய்திருக்கவில்லை. "அப்புறம் ஒரு காலம் வந்துச்சு. செக்போஸ்ட்ல எந்தப் பாஷை தெரியும்னு கேட்டு ஆளைப் பிரிச்சாங்க. தெரியாதுன்னு சொல்றது உயிருக்கு நல்லதா இருந்தது. அப்படியே பழகிடுச்சு."

 அந்தக் காலம் எனக்கும் தெரியும். அதை இந்தக் கதைக்குள் விட மாட்டேன். விட்டால் மற்ற எல்லோரையும் வெளியே தள்ளிவிட்டு அதுவே உட்கார்ந்துகொள்ளும்.

"உங்க பொண்ணு குர்தி பேசினதுல எனக்குக் கோபம் இல்ல," என்றார் ஹாஜி. "புரியாத மாதிரி நின்னா பாரு. என் முகத்தைப் பார்த்துக்கிட்டே, புரியாத மாதிரி. அதுதான்."

"நீங்க எத்தனை வருஷமா அப்படி நிக்கறீங்க ஹாஜி?"

அவர் என்னை முறைத்தார். பிறகு பட்டிக் கம்பைப் பிடித்துக்கொண்டு, ஆடுகள் பதறி விலகும்படி சிரித்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டே, "இந்த வத்ஹா ரெண்டு நாளா எங்கிட்ட உங்க பாஷைலதான் தண்ணி கேக்குறா," என்றார். "பேசாம எடுத்துக் குடுத்துடறேன். என் மருமக பார்த்துட்டு, 'மாமா, அவ என்ன கேட்டான்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?'ங்கறா. கைய காட்டினா, தெரிஞ்சதுன்னேன். எத்தனை நாளைக்கு இதைச் சொல்லிச் சமாளிக்கறது?"

"அப்ப அனுப்பிடுங்க."

"அனுப்பறேன். ஆனா அவமானம் பிள்ளைங்க முன்னாடி ஆச்சு. சரியாகுறதும் அங்கேயேதான் ஆகணும். காலைல வர்றேன். நான் ஒண்ணு கேப்பேன், அவ ஒண்ணு சொல்லுவா."

"அவ மாத்திப் பேச மாட்டா ஹாஜி. நானும் பேசச் சொல்ல மாட்டேன்."

இதைச் சொன்னபோது என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. தூது வந்தவன் சொல்லக் கூடாத வாக்கியம் அது. 

"அவ மாத்துவாளோ, நான் மாத்துவேனோ, ரெண்டு பேருமே மாத்த மாட்டோமோ, அது அந்த அறையோட போகட்டும்," என்றார் ஹாஜி. "எவர் எந்தப் பாஷைல பேசினார்னு உன் வீட்லேருந்தும் வெளியே போகக் கூடாது, என் வீட்லேருந்தும் போகக் கூடாது. போனா ஒருத்தர் குனிஞ்சதா ஆயிடும். குனிஞ்ச வீட்டுப் பிள்ளை நிமிர்ந்த வீட்டுப் பிள்ளையோட எப்படி விளையாடும்?"

"பிள்ளைங்க சொல்லிடுமே?"

"கேட்டுப் பாரேன். டீச்சர் பேசினாங்க, தாத்தா பேசினாங்கன்னு சொல்லும். எந்தப் பாஷைன்னா முழிக்கும். அதுங்களுக்கு அது இன்னும் பெரிய விஷயமா ஆகலை."

கை கொடுத்தோம். உள்ளே போய்க் காபியைக் குடித்தேன். சூடாக இருந்தது. இதை ஹாஜி கேட்காமலே எழுதுகிறேன்.

8

கதைக்கு முடிவு வேண்டும் என்று ஆளாளுக்குக் கொண்டுவந்தார்கள்.

ஹமசாலிஹின் முடிவு: தவ்காவை ஹாஜியின் கடைசி மகனுக்குக் கட்டிவைத்து, ஆடு வெட்டி, வானத்தை நோக்கிச் சுடுவது. அவனிடமிருக்கும் எல்லாக் கதைகளும் கல்யாணத்தில்தான் முடியும். அவன் கல்யாணம் மட்டும் எங்கே முடியும் என்று தெரியவில்லை.

கல்வி அதிகாரியின் முடிவு: பிள்ளைகள் கைகோர்த்து இரண்டு மொழியிலும் பாடுகிறார்கள், பெரியவர்கள் கண்கலங்குகிறார்கள், பாலத்தைப் பற்றி மறுபடியும் ஒரு பேச்சு. நான் அந்தப் பக்கத்தைக் கிழித்து உஸ்தா யஷாருக்குக் கொடுத்தேன். ரொட்டி சுற்றிக் கொடுக்க உதவியது.

என்னுடைய பழைய முடிவு ஒன்றும் உண்டு. தவ்கா பெருந்தன்மையோடு முன்வந்து, நாவில் தேனாக அரபி சொட்ட, எங்கள் குடும்பத்தின்—

அவள் அதைப் படித்துவிட்டு, "இந்தப் பொண்ணு யாரு பெரியப்பா? நம்ம வீட்டுப் பொண்ணு மாதிரி தெரியலையே," என்றாள். அடித்துவிட்டேன்.

அடுத்து, அவள் புருவத்தை உயர்த்தியபடியே நிற்க, ஹாஜி தலைகவிழ்ந்து திரும்பிப்போவதாக எழுதினேன். அதையும் படித்தாள். பேனாவை வாங்கி அவளே அடித்தாள்.

9

இனி நடந்தது.

காலை. ஹாஜி வந்தார். வெளியே வேன் உறுமிக்கொண்டு நின்றது. உள்ளே அரபுப் பாதி முழுவதும் சன்னல் கண்ணாடியில் மூக்கை அழுத்திக்கொண்டு பார்த்தது. தாத்தா தலையசைத்தால்தான் இறங்கலாம் என்று சொல்லியிருந்தார்கள். குர்துப் பாதி கூடத்தில் உட்கார்ந்திருந்தது. ஸுஹாத் அவள் அறை வாசலில் நின்றிருந்தாள். நான் படிக்கட்டில், வாயை இறுக மூடிக்கொண்டு. வத்ஹா மட்டும் தாத்தாவின் கையை உதறிக்கொண்டு உள்ளே ஓடிவந்துவிட்டாள். பிள்ளைகளின் நாற்காலியில் உட்காரச் சொல்லித் தவ்கா கைகாட்டினாள். அவ்வளவு பெரிய மனிதர் அதில் உட்கார்ந்தார். முழங்கால்கள் மார்பைத் தொட்டன. அந்த நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு எவரும் கௌரவம் பார்க்க முடியாது. ஆனாலும் அவர் பார்த்தார், அதற்காகவே அவரை மதிக்கிறேன்.

தவ்காவின் கையிலிருந்த சாக்குக்கட்டி உடைந்து தரையில் விழுந்தது. யாரும் குனிந்து எடுக்கவில்லை.

இதுவரை ஒவ்வொரு பேச்சுக்கும் பக்கத்தில் குர்தி என்றும் அரபி என்றும் எழுதிவந்தேன். இங்கே எழுதினால் கைகொடுத்த வாக்கு போய்விடும். எழுதாமல் விட்டால், எழுதத் தெரியாதவன் என்பீர்கள். பிள்ளைகள் வியந்து நிமிர்ந்தார்களா, ஸுஹாத் வாயைப் பொத்திக்கொண்டாளா என்றும் சொல்ல மாட்டேன்; அதிலிருந்து கண்டுபிடித்துவிடுவீர்கள். ஆகவே பேசியதை மட்டும், கூட்டாமல் குறைக்காமல் தருகிறேன்.

"எப்படி இருக்கே மகளே?" என்று ஹாஜி தஹாம் (            ) மொழியில் கேட்டார்.

"நல்லா இருக்கேன் ஹாஜி. வாங்க, இது உங்க வீடு," என்று தவ்கா (            ) மொழியில் சொன்னாள்.

"அப்பாவுக்கு நெஞ்சு வலி?" (            ).

"தேவலை. உங்களைத்தான் கேட்டுக்கிட்டே இருக்கார்." (            ).

"என் பேத்தி சரியா தண்ணி குடிக்கறாளா இங்கே?" (            ).

"கேட்டு வாங்கிக் குடிக்கறா." (            ).

ஹாஜி எழ முயன்றார். நாற்காலியும் அவரோடு எழுந்தது. அதைப் பிடித்து விடுவித்தது யார் என்பதைச் சொல்லத் தடையில்லை: தவ்கா. அவர் சட்டையைச் சரிசெய்துகொண்டு, வேனைப் பார்த்து ஒருமுறை தலையசைத்தார்.

அடைப்புக்குறிகளை நீங்கள் நிரப்பிக்கொள்ளலாம். பென்சிலால் எழுதுங்கள், இந்தப் புத்தகத்தை உங்களிடம் அடுத்து வாங்கிப் படிக்கப்போகிறவர் எந்த வீட்டுக்காரரோ.